விரியும் பை: முதுகுப்பையும் வீட்டுத் தையல் இயந்திரமும்

ஈசாப்பைப் பற்றி வழங்கும் கதை ஒன்றுண்டு. எசமானர் நெடும்பயணம் புறப்படுகிறார். அடிமைகள் ஆளுக்கொரு சுமையைத் தேர்ந்துகொள்கின்றனர். எல்லாவற்றிலும் கனமான ரொட்டிக் கூடையை ஈசாப் விரும்பி எடுத்துக்கொள்ள, மற்றவர்கள் நகைக்கின்றனர். வேளைக்கு வேளை ரொட்டி தீர்கிறது. பயணத்தின் இறுதியில் ஈசாப் வெறுங்கூடையோடு கைவீசி நடக்கிறார்.

கட்டுச்சோறு சுமந்து நடந்த எவரும் அறிந்த உண்மைதான் இது. ஆனால் கதை சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. கூடையின் எடை குறைந்ததே தவிர, அதன் பருமன் குறையவில்லை. பின்னிய கூடை சுருங்காது; துணிதான் சுருங்கும். புறப்படும் நாளில் விரிந்து கொடுத்து, உணவு கரையக் கரையத் தானும் ஒடுங்கிவரும் பை ஒன்றை மனிதர்கள் எவ்வாறு தைத்துக்கொண்டார்கள்? அதைத் தைத்த கைகள் யாருடையவை? இவ்விரு வினாக்களையும் பின்தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டமும் சாக்கும்

1991இல் ஆல்ப்ஸ் மலையின் பனிக்குள்ளிருந்து ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதர் ஒருவரின் உடல் கிடைத்ததை வாசகர்கள் அறிவார்கள். 'ஏட்சி' என்று பெயரிடப்பட்ட அவரருகே, வளைத்த மரக்கொம்பு ஒன்றும் குறுக்குப் பலகைகளும் கிடந்தன. அவை முதுகில் சுமக்கும் சட்டத்தின் எச்சங்கள் என்று ஆய்வாளர் பலர் கருதினர். அதனை மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், முதுகுச் சுமையின் வரலாற்றில் சட்டம் ஒருபுறமும் சாக்கு ஒருபுறமுமாக இரு மரபுகள் நெடுங்காலம் வழங்கிவந்தன. ஜெர்மன் மொழியின் 'ருக்சாக்' என்ற சொல்லுக்கே முதுகுச் சாக்கு என்பதுதான் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வே நாட்டின் ஓலே பெர்கன், முதுகின் வளைவுக்கு இசைந்த சட்டத்தைச் சாக்கோடு இணைத்துக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சட்டமும் சாக்கும் பிரியாத் துணைகளாயின.

இதற்குள் இன்னொரு கருவி வீடுகளுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. 1846இல் எலியாஸ் ஹோவும் 1851இல் ஐசக் சிங்கரும் பெற்ற காப்புரிமைகளின் வழியே வளர்ந்த தையல் இயந்திரம், தவணை முறை விற்பனையால் எளிய குடும்பங்களையும் சென்றடைந்தது. சட்டை தைக்கவும் கிழிசல் ஒட்டவும் வந்த அந்த இயந்திரம், முதுகுப்பையின் போக்கையே மாற்றப்போகிறது என்று எவரும் அப்போது எண்ணியிருக்கமாட்டார்கள்.

அன்னையின் இயந்திரம், மனைவியின் கைகள்

1950ஆம் ஆண்டு. சுவீடனின் வடபகுதியில் உள்ள ஏர்ன்ஷெல்ட்ஸ்விக் என்னும் ஊர். ஓகே நூர்டின் என்ற 14 வயதுச் சிறுவன் மலைநடையில் பேரார்வம் கொண்டவன். அந்நாளைய பைகள் பேரிக்காய் வடிவில் அடிப்பகுதி பருத்துத் தொங்கும். சுமை முழுவதும் இடுப்புக்குக் கீழே இறங்கி நடப்பவரைப் பின்னோக்கி இழுக்கும். சிறுவன் மரச்சட்டம் ஒன்றைத் தானே செய்தான். தாயாரின் மிதி இயந்திரத்தில் தடித்த பருத்தித் துணிகொண்டு பை தைத்தான். தோல்வார்களால் இரண்டையும் பிணைத்தான். சுமை மேலேறி முதுகோடு ஒட்டியது. இந்தப் பையிலிருந்து கிளைத்த நிறுவனம்தான் 1960இல் தொடங்கப்பட்ட 'ஃபியெல்ரேவன்'.

அட்லாண்டிக்கைக் கடந்தால் கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரில், 1952இல், இதே கதை வேறு பாத்திரங்களோடு நடக்கிறது. டிக் கெல்டி தச்சுவேலை அறிந்தவர். விமானத் தொழிலின் அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தார். சுமை இடுப்பில் தங்குமாறு பட்டை கொடுத்தார். ஆனால் சட்டம் மட்டும் பையாகிவிடுமா? நைலான் துணியை வெட்டிப் பைகளைத் தைத்தவர் அவருடைய மனைவி நீனா. முதல் ஆண்டில் அவர்கள் விற்றவை 29 பைகள். விலை 24 டாலர். பதினோரு ஆண்டுகளுக்குப்பின், 1963இல், எவரெஸ்ட் சிகரம் தொட்ட அமெரிக்கக் குழுவின் முதுகுகளில் கெல்டி பைகள் இருந்தன!

1967இல் சியாட்டில் நகரின் மரே பிளெட்ஸ், அலுமினியச் சட்டமுள்ள பையொன்றை வடிவமைத்துப் போட்டியில் பரிசு பெற்றார். அவருக்குத் தைக்கத் தெரியாது. தைக்கத் தெரிந்த தோழி ஜான் லூயிஸிடம், 'பைகளைத் தைத்துத் தருவாயானால் உன்னை மணந்து, நிறுவனத்துக்கும் உன் பெயரையே வைப்பேன்' என்று வாக்களித்ததாக அந்நிறுவனத்தார் கூறுவர். 'ஜான்ஸ்போர்ட்' என்ற பெயரைத் தோளில் சுமந்து பள்ளிக்குச் சென்ற கோடிக்கணக்கான பிள்ளைகளில் எத்தனை பேர் அது ஒரு தையற்பெண்ணின் பெயர் என்று அறிந்திருப்பார்கள்?

மூன்று கதைகளிலும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். சட்டத்தை வளைத்தவர் பெயர் வரலாற்றின் முதல் வரியில் நிற்கிறது. துணியைத் தைத்த பெண்ணின் பெயரோ இரண்டாம் வரிக்குச் செல்கிறது, அல்லது 'தாயாரின் இயந்திரம்' என்ற அளவில் மறைந்துவிடுகிறது. இன்னொன்றையும் காண்கிறோம். சுமப்பவரும் தைப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால், நேற்று நடந்தவரின் தோள்வலி இன்று தையலில் திருத்தம் பெற்றது. கட்டுரையின் பிற்பகுதிக்கு இச்செய்தி மிக முக்கியமானது.

பொட்டலத்தில் வந்த பை

கொலராடோ மாநிலத்தில் ஜெரி கன்னிங்காம் என்பவர், இரண்டாம் உலகப்போரில் மலைப்படைப் பிரிவில் பணியாற்றி மீண்டபின், 1946 முதல் மலைநடைப் பொருள்களை அஞ்சல்வழி விற்றுவந்தார். நாடாவை இழுத்த இடத்திலேயே நிறுத்தும் சிறு பூட்டு இன்று எல்லாப் பைகளிலும் தொங்குகிறதே, அதனை உருவாக்கியவராக இவரையே குறிப்பிடுவர். போட்டியாளருக்குத் தொழில் இரகசியம் தெரிந்துவிடுமே என்று அஞ்சாமல், மார்கரெட் ஹான்சனுடன் சேர்ந்து, எடைகுறைந்த முகாம் பொருள்களைத் தாமே செய்துகொள்வது எப்படி என்று ஒரு நூலே எழுதிவிட்டார்.

அவரிடம் பணியாற்றிய டேல் ஜான்சன், 1966இல் போல்டர் நகரில் 'ஃப்ராஸ்ட்லைன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இவர் விற்றது பையன்று, பையாகப்போகும் துணி. அளவாக வெட்டிய நைலான் துண்டுகள், நூல், ஜிப், வார்கள், வரிசை பிறழாத செய்முறைக் குறிப்பு ஆகிய அனைத்தும் ஒரே பொட்டலத்தில் அஞ்சலில் வந்துசேரும். குளிர்ச்சட்டை என்றால் அதற்குரிய வாத்துத்தூவியும் அளந்து சிறு உறைகளில் வரும். கடையில் வாங்க வசதியற்ற மாணவர்களும் இளங்குடும்பங்களும் வீட்டு இயந்திரத்தில் பையும் கூடாரமும் உறக்கப்பையும் தைத்துக்கொண்டு மலையேறினர்.

1978இல் ஃப்ராஸ்ட்லைனை ஜில்லெட் நிறுவனம் வாங்கியது. சவரக்கத்தி விற்ற நிறுவனம் தையல் பொட்டலத்தையும் விற்க முன்வந்த அளவுக்கு அத்தொழில் செழித்திருந்தது. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் அது தேய்ந்துபோயிற்று. ஆசிய நாடுகளில் தைத்த ஆயத்தப் பைகள் மலிவாக வந்து குவிந்தன. பெண்கள் வெளியே வேலைக்குச் செல்லத் தொடங்கியபின் தையலுக்கான ஓய்வுநேரமும் சுருங்கியது. தைத்தால்தான் மலிவு என்ற நிலை மாறி, வாங்கினால்தான் மலிவு என்றாயிற்று.

கனத்துப்போன பை

தைப்பவரும் சுமப்பவரும் பிரிந்தபின் பைக்கு என்ன நேர்ந்தது? அது கனத்தது. தொழிற்சாலை, தான் ஒருபோதும் காணாத முதுகுக்குத் தைக்கிறது. கடைக்கு வருபவர் எடையைத் தூக்கிப் பார்ப்பதைக் காட்டிலும் எத்தனை பைகள், எத்தனை ஜிப்புகள் என்று எண்ணிப் பார்ப்பதே அதிகம். பிய்ந்து திரும்பிவந்துவிடக் கூடாதே என்ற அச்சம் துணியைத் தடிப்பாக்கிற்று. இவ்வாறாக, உள்ளே ஒன்றுமில்லாதபோதே இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பைகள் இயல்பாயின.

இதனை எதிர்த்து எழுந்த குரல் ரே ஜார்டினுடையது. விண்வெளித் துறைப் பொறியாளராக இருந்து, பாறையேற்றக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற இவர், மனைவி ஜென்னியுடன் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 4,270 கிலோமீட்டர் நீளும் பசிபிக் முகட்டுப் பாதையை நடந்தவர். சட்டத்தையும் இடுப்புப் பட்டையையும் நீக்கிவிட்டு, எளிய சாக்குப் போன்ற பையைத் தாமே தைத்துக்கொண்டார்; 1990களில் எழுதிய நூல்களில், பிறரும் அவ்வாறே தைக்கலாம் என்று வற்புறுத்தினார்.

அதே பத்தாண்டில் கலிபோர்னியாவின் பொறியாளர் கிளென் வான் பெஸ்கி, தம் வீட்டு இயந்திரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பைகளைத் தைத்துப் பார்த்தார். நான்காம் முயற்சியே 'ஜி4'. படுக்கும் பஞ்சுப்பாயை மடித்து முதுகுப்புறத்தில் செருகினால் அதுவே மெத்தை. தோள்வார்களுக்குள் மாற்றுக் காலுறைகளைச் செருகினால் அதுவே திண்டு. ஒரு பொருளும் ஒரு வேலைக்கு மட்டும் வரவில்லை! அந்தப் பையின் வெட்டும் படிவத்தை அவர் இணையத்தில் எவரும் பயன்படுத்துமாறு இலவசமாக வெளியிட்டார். 'எங்களுக்குத் தைக்கத் தெரியாது, தைத்துத் தாருங்கள்' என்று கேட்டோர் பெருகவே, 1998இல் அது ஒரு நிறுவனமாயிற்று.

சுருக்குப்பையின் கழுத்து

இந்தப் பைகளில் சுருங்கி விரியும் உறுப்பு எது? நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைவுகூர்ந்தால் போதும். பையின் வாய்விளிம்பில் மெல்லிய துணியாலான குழாய் ஒன்றை நீட்டித் தைத்து, அதன் மேல்விளிம்பை மடித்து நாடா கோத்துவிடுகிறார்கள். பொருள் மிகுந்தால் இந்தக் கழுத்து நிமிர்ந்து நிற்கும். குறைந்தால் சுருட்டிக் கீழே கட்டப்படும்.

பயணப்பெட்டிகளில் சுற்றுமுழுதும் ஜிப் வைத்து, அதைத் திறந்தால் மறைந்திருக்கும் துணி விரிவதுபோலச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் அதற்கு ஜிப்பின் எடை கூடும்; வளைவில் தைக்கும் பயிற்சியும் வேண்டும். கழுத்துக்கோ நேர்த்தையல் போதும். கணக்கிட்டுப் பார்ப்போம். சுற்றளவு 90 சென்டிமீட்டர் உள்ள உருளைப் பையில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 6.4 லிட்டர் இடம் தரும். 30 சென்டிமீட்டர் கழுத்து 19 லிட்டர் தரும். சதுர மீட்டருக்கு 45 கிராம் எடையுள்ள நைலானில் அக்கழுத்துக்கான துணியின் எடை 12 கிராம் மட்டுமே! ஒருநாள் உணவு முக்கால் கிலோவுக்குக் குறையாது என்றால், ஐந்தாறு நாள் உணவுக்கான இடத்தை ஒரு கைக்குட்டை எடையில் பெற்றுவிடுகிறோம்.

தைக்கும் முறையிலும் அனுபவம் பேசுகிறது. தரையில் உரசும் அடிப்பகுதிக்குத் தடித்த துணி, கழுத்துக்கு மெல்லியது. முதுகுத் துண்டு தட்டையாக இருக்கும்போதே தோள்வார்களைத் தைத்துவிடவேண்டும். பை மூடியபின் இயந்திரத்தின் அடியில் அது நுழையாது. வார் சேருமிடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை தையலோட்டவேண்டும். முழுச்சுமையும் அங்கேதான் தொங்குகிறது. நைலானின் வெட்டுவிளிம்பு பிரிந்துகொண்டே போகும். ஆகவே தையலுக்கு வெளியே அரை அங்குலமாவது விட்டு, விளிம்பை மடித்து மறுதையல் போடவேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். பாலியெஸ்டர் நூலே தகும். பக்கங்களில் இரு இழுவார்கள் இருந்தால், பாதி காலியான பையில் பொருள்கள் குலுங்கிச் சரியாமல் இறுக்கிக்கொள்ளலாம்.

விரியும் பைக்குக் குறைகளும் உண்டு. கழுத்து உயர உயரச் சுமையின் மையம் மேலேறித் தள்ளாடச் செய்யும். இடம் இருக்கிறதே என்று தேவையற்றதைத் திணிக்கும் ஆசையும் வரும். சட்டமில்லாத பையில் கனமிக்க சுமை தோளை அறுக்கும். ஜார்டின் பாதையைப் பின்பற்றுவோர் முதலில் உள்ளிருக்கும் பொருள்களைக் குறைத்த பின்பே பையை மாற்றவேண்டும்.

எஞ்சுவது படிவம்

சுவீடன் சிறுவனின் பை நிறுவனமாயிற்று. கெல்டியின் பை நிறுவனமாயிற்று. 'தாமே தையுங்கள்' என்று வெளியிட்ட படிவமும் நிறுவனமாயிற்று. வீட்டில் பிறந்த ஒவ்வொரு பையும் தொழிற்சாலைக்குச் சென்றுவிடுகிறதே என்று வருந்தலாமா? வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. எல்லோரும் தைக்க இயலாது; தைக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீனா கெல்டி ஓய்வின்றித் தைத்த இரவுகளை இனிய பொற்காலமாகப் பாடுவது நேர்மையும் ஆகாது.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. பை தன் வழிதவறிக் கனத்தபோதெல்லாம், அதைத் திருத்தியவர்கள் சுமந்து நடந்து, திரும்பிவந்து, தையலைப் பிரித்துப் பார்த்தவர்களே. பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் எங்கேனும் ஒரு வீட்டில் இருக்கும்வரை, தொழிற்சாலை தைத்துத் தருவதே இறுதி வடிவம் என்றாகிவிடாது. கன்னிங்காமின் நூலும் ஃப்ராஸ்ட்லைனின் பொட்டலமும் ஜி4இன் படிவமும் காத்துத் தந்தது அந்த அறிவைத்தான். பை பழசாகிக் கிழியும். அதை எப்படி வெட்டினார்கள் என்ற தாள் கையில் இருந்தால், அடுத்ததைச் சற்று இலகுவாகத் தைத்துக்கொள்ளலாம்.