ஐந்து பின் பிளக்: தரப்படுத்தலும் மௌனமும்

பிரதிகளைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். எழுத்துப் பிரதியை வாசிக்கக் கண்ணும் விளக்கும் போதும். காந்த நாடாவில் ஏறிய குரலை வாசிக்க எந்திரம் வேண்டும். அந்த எந்திரத்திலிருந்து அடுத்த எந்திரத்துக்கு ஒரு ஒயர் வேண்டும். ஒயரின் நுனியில் பிளக் வேண்டும். இந்தப் பிளக்கின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. ‘அதுல என்னங்க இருக்கு’ என்பார்கள்.

1970களின் தொழிற்சங்கக் கூட்டப் பேச்சுகள் சில, ஸ்பூல் நாடாக்களாக ஒரு தோழரின் வீட்டுப் பரணில் கிடந்தன. தலைவர்கள் பேசியது பிறகு துண்டுப் பிரசுரங்களாக அச்சேறியிருக்கிறது. இடையில் எழுந்து கேள்வி கேட்ட தொழிலாளியின் குரல் எந்தப் பிரசுரத்திலும் இல்லை. இருந்தால் அந்த நாடாவில்தான் இருக்கும். ஜெர்மன் ரெக்கார்டர் ஒன்று கிடைத்தது, பெல்ட் மாற்றியதும் ஓடியது. அதன் முதுகில் வட்டமான ஐந்து பின் சாக்கெட். அதற்கான ஒயர் மட்டும் இல்லை. (‘பின்’ என்றதும் நவீனத்துவத்தைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம், இது உலோகப் பின்.)

இந்தச் சாக்கெட்டுக்கு டின் என்று பெயர். ஜெர்மன் தரநிர்ணய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் அது. அந்த நிறுவனம் பிறந்தது 1917இல், முதல் உலகப் போரின் நடுவில். வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்த ஆயுத உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டியிருந்தது. 1922இல் அதே நிறுவனம் தாளுக்கும் அளவு வகுத்தது. நாம் கட்டுரை எழுதி அனுப்புகிற ஏ4 அங்கிருந்து வந்ததுதான். நாடா ரெக்கார்டரின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏஇஜி நிறுவனம் காட்டிய மேக்னட்டோபோன், போர் முடிந்தபோது வென்ற படைகளின் கைக்குப் போய் அமெரிக்கத் தொழிலாயிற்று. கேளிக்கைக் கருவிகள் யாவும் ராணுவக் கருவிகளைத் தவறாகப் பயன்படுத்தியதன் விளைவு என்று பிரெடரிக் கிட்லர் 1986இல் எழுதினார். கொஞ்சம் மிகைதான். ஆனால் பரணிலிருந்து இறங்கிய இந்த எந்திரத்தைப் பார்த்தால் முழுவதும் மிகை என்று சொல்ல முடியவில்லை.

போரில் பிறந்தது என்பதற்காக அதன் அறிவைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. 13.2 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து பின்: 2 தரை, 1ம் 4ம் உள்ளே போகிற ஒலி, 3ம் 5ம் வெளியே வருகிற ஒலி. பதியவும் கேட்கவும் ஒரே ஒயர். முதலில் இருந்த மூன்று பின் பிளக், பிறகு வந்த ஐந்து பின் சாக்கெட்டிலும் பொருந்தும். பழையதை வைத்திருப்பவனைத் தெருவில் நிறுத்தாத ஏற்பாடு. இன்றைய தயாரிப்பாளர்களிடம் இந்த நாகரிகத்தை எதிர்பார்க்க முடியுமா? 2016இல் ஐபோன் 7 வந்தபோது ஹெட்போன் ஓட்டையையே அடைத்துவிட்டார்கள்.

டின்னை ஓரங்கட்டியது ஆர்சிஏ பிளக். அமெரிக்க வானொலிக் கம்பெனி 1930களில் ரேடியோவோடு இசைத்தட்டுக் கருவியை இணைக்கச் செய்த எளிய, மலிவான குமிழ். ஜப்பானியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1970களில் ஐரோப்பாவுக்கு அனுப்பிய டெக்குகளில் மட்டும் மரியாதைக்கு ஒரு டின் சாக்கெட்டும் வைத்தார்கள். 1980களில் அந்த மரியாதையும் படிப்படியாகப் போய்விட்டது. தொழில்நுட்பத்தில் தோற்றதென்று சொல்ல முடியாது. சந்தை வேறு பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

ரிச்சி தெருவில் கேட்டால் ‘அதெல்லாம் வர்றது நின்னு ரொம்ப நாளாச்சு சார்’ என்றார்கள். ஒரு கடையில் மட்டும், ‘வாத்தியக் கடைல மிடி ஒயர் வாங்கிப் பாருங்க’ என்றார் ஒரு பெரியவர். 1983இல் மின்னணு இசைக்கருவிகளுக்காக வகுக்கப்பட்ட மிடி இதே ஐந்து பின் பிளக்கை எடுத்துக்கொண்டது. அதனால்தான் பிளக் இன்னும் உற்பத்தியில் இருக்கிறது. ஒயர் கச்சிதமாகப் பொருந்தியது. சத்தம் வரவில்லை. மிடிக்கு 4, 5, தரைக்கு 2 போதும். 1லும் 3லும் பல ஒயர்களில் கம்பியே கிடையாது. எங்கள் நாடாக்கள் மோனோ. குரல் இடது சானலில், அதாவது 3இல் வெளியே வருகிறது.

வெறும் பிளக்காக வாங்கி நாமே பற்ற வைப்பதுதான் வழி. அதையும் அந்தப் பெரியவர்தான் செய்து கொடுத்தார். பற்றவைக்கும் சூட்டில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகிப் பின்கள் சாய்ந்துவிடும். அதனால் பிளக்கை ஒரு சாக்கெட்டில் சொருகி வைத்துக்கொண்டே ஈயம் வைத்தார். இந்த வித்தை எந்தத் தரநிர்ணய ஏட்டில் எழுதியிருக்கிறது? தரப்படுத்தலின் வரலாற்றில் கமிட்டிகள் வரும், கம்பெனிகள் வரும். மெக்கானிக் வர மாட்டார்.

முதல் நாடாவில் நாற்பது நிமிடம் தேறியது. பேச்சாளரைப் பாதியில் நிறுத்தி, ‘லே-ஆஃப் சம்பளத்துக்கு என்ன சொல்றீங்க?’ என்று ஒரு பெண் கேட்கிறார். பெயர் சொல்லவில்லை. மீதி நாடாக்களைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ரெக்கார்டரின் வெளி ஸ்பீக்கருக்கான டின் பிளக், ஒரு பின் தட்டை, ஒரு பின் உருண்டை, இரண்டே பின் கொண்டது, இன்னும் அகப்படவில்லை. யாரிடமாவது இருந்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள்.