விளக்கெண்ணெய் யார் கணக்கு?



மெழுகுவத்திப் பயிற்சியில் நாம் உருக்கும் பாரபின் மெழுகு பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. 18-ம் நூற்றாண்டில் அது கிடையாது. அன்று இங்கிலாந்தில் பணக்காரர் வீட்டில் தேன்மெழுகும், மற்றவர் வீட்டில் மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு வத்தியும் எரிந்தன. 1709-ல் அந்நாட்டு அரசு மெழுகுவத்திக்கு வரி போட்டது. உரிமம் இல்லாமல் வீட்டில் செய்யவும் தடை. அந்த வரி 1831 வரை இருந்தது. ஏழைகள் நாணல் தண்டைக் கொழுப்பில் தோய்த்து எரித்துச் சமாளித்தார்கள்.

அதே காலத்தில் நம்ம கொங்கு நாட்டு வீடுகளில் எரிந்தது எண்ணெய் விளக்கு. இலுப்பை, புங்கம், கொட்டமுத்து என்று பல எண்ணெய்கள். செக்கில் ஆட்டினால் கூலி கொடுக்கணும். கொட்டமுத்து எண்ணெயை வீட்டிலேயே எடுக்கலாம். முத்தைக் காயவைத்து, வறுத்து, உரலில் இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்கணும். மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுத்து, மறுபடி சூடாக்கி ஈரத்தைப் போக்கணும். எங்க அம்மிச்சி காலம் வரைக்கும் இதெல்லாம் பொம்பளைங்க வேலைதான். பழைய துணியைத் திரித்தால் திரி. அகலில் ஊற்றினால் நின்று நிதானமாக எரியும்.

அந்த வெளிச்சத்தில்தான் இரவுச் சமையல், பிள்ளை வளர்ப்பு, தறிக்கு வேண்டிய நூல் நூற்பு எல்லாம்.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கும்பெனி கைக்குப் போனது. தறிக்கும் செக்குக்கும் வரி வாங்கினார்கள். அதனால் ஏட்டில் தறி உண்டு, செக்கு உண்டு. உரலில் இடித்தவள் உழைப்புக்கு ஏது ஏடு?

பிறகு சீமெண்ணெய் வந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவை வட்டாரத்தில் மில்களும், நம்ம திருப்பூரில் பனியன் கம்பெனிகளும் பெருக அந்த மின்சாரம் கைகொடுத்தது. விளக்கு மாறிப்போச்சு. கணக்கு மாறியிருக்கா?

இன்றும் ராத்திரி டியூப்லைட் போட்டு, வீட்டில் உட்கார்ந்து பீஸுக்கு இத்தனை பைசான்னு பிசிறு வெட்டுகிறோம். கரண்ட் பில் நம்முடையது. கத்தரி நம்முடையது. வீட்டு மூலையும் நம்முடையது. கூலி பேசும்போது இதில் எதையாவது சேர்க்கிறோமா?

குழுக் கூட்டத்தில் ஒரு ரூபாய் சந்தாவுக்கும் வரவு எழுதப் பழகிவிட்டோம். அதே நோட்டில் ஒரு மாதம், வீட்டு வேலைக்கு எரிந்த வெளிச்சத்தையும் உழைத்த நேரத்தையும் எழுதிப் பாருங்கள். அடுத்த முறை கூலி பேசப் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நாலு பேராகச் சேர்ந்தே போவோம்.