தேயிலை மலையில் மாறிய ரசனை

1929-இல் ஜே.ஏ. ரசல் மலாயாவின் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே உழைத்த தமிழர்களோடு தப்புப் பறையும் தாலாட்டும் ஒப்பாரியும் மலையேறின.

குளிரில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். சுள்ளி மூட்டி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். 'டங்'கென்று தெறித்தால்தான் அடி விழும். அப்படிப் பழகியது அவர்கள் காது.

பிறகு வானொலி தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் சினிமாப் பாட்டைக் கொண்டுவந்தது. 1976-இல் 'அன்னக்கிளி' படம் வந்தபோது, கிராமத்து மெட்டு திரைவழியே வீடு திரும்பியது. 'அல்லிகேட்ஸ்' இசைக்குழுவின் பாடகர் லோகநாதனும் தமிழர். அவர் பாடிய மலாய்ப் பாடல்கள் தமிழ்க் காதுகளையும் அகலப்படுத்தின.

2006-இல் மலேசிய ராப் கலைஞர் யோகி பி-யும் நட்சத்ரா குழுவும் 'வல்லவன்' தொகுப்பில் தமிழ் ராப் தந்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் இன்றும் கோயில் திருவிழாவில் உறுமி மேளத்தின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கிறது.