இரணைதீவு

இரணைதீவு, இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு அப்பால், நெடுந்தீவுக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கடலில் கிடக்கும் இரு தீவுகளின் பொதுப்பெயர். நிர்வாகத்தில் பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு உட்பட்டது. 'இரணை' என்றால் இரட்டை. இரணைமடு, இரணைப்பாலை, இரணை இலுப்பைக்குளம் என்று வன்னி ஊர்ப்பெயர்களில் இச்சொல் திரும்பத் திரும்ப வரும். இரட்டைப் பிள்ளைகளை இரணைப்பிள்ளைகள் என்பதும் இங்கத்தைய வழக்கு.

தீவுகள் இரண்டும் தாழ்வான தரை. சுற்றிலும் ஆழம் குறைந்த கடல். நண்டு, கணவாய், கடலட்டை, பாசி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் கடற்றொழில் ஆண்களோடு நிற்பதில்லை. வற்று நேரத்தில் பெண்கள் முழங்கால் நீரில் இறங்கிக் குனிந்து நடந்தே அட்டையும் சங்கும் பொறுக்குவார்கள். வள்ளமோ எஞ்சினோ இல்லாத உழைப்பு அது. கரையோரத்துக் கடலட்டைப் பண்ணைகளை இவர்கள் எதிர்ப்பதன் காரணமும் இதுவே. பண்ணைக்கு வேலி போட்டால் நடக்க இடமில்லை.

குடிகள் தமிழ்க் கத்தோலிக்கர். கோயில், பள்ளிக்கூடம், தென்னந்தோப்பு, கல்வீடுகள் என்று நிறைந்திருந்த ஊர், 1992இல் போரினால் வெறுமையானது. கடற்படை அங்கே நிலைகொண்டது. பெருநிலத்தில் முழங்காவில் பக்கத்துக் கரையில் ஒதுங்கிய மக்களின் குடியிருப்பு, தீவின் பெயரையும் மாதாவின் பெயரையும் சேர்த்து இரணைமாதாநகர் ஆனது. 2009இல் போர் முடிந்தும் திரும்பிக் குடியேற விடவில்லை.

2017 மே 1 அன்று கரையில் தொடர் போராட்டம் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு வருடம் பொறுத்தார்கள். 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில், யாரிடமும் அனுமதி கேளாமல், தீவில் போய் இறங்கினார்கள். கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே கோயிலை அண்டித் தங்கினார்கள். அனுமதி பிறகே வந்தது. படகில் ஒரு மணி நேரப் பாதை. கடக்க எடுத்தது இருபத்தாறு வருடம்.

2021இல் பெயர் மறுபடி செய்தியில் அடிபட்டது. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே தீர வேண்டும் என்ற விதி பெப்ரவரி இறுதியில் நீங்கியதும், அடக்கம் செய்வதற்கு அரசு மார்ச் மாதம் அறிவித்த இடம் இரணைதீவு. கொழும்பிலிருந்து பார்த்தால் அது ஆளில்லாத் திட்டு போலும். தீவு மக்கள் எதிர்த்தார்கள். தங்கள் இறந்தோரை அவ்வளவு தொலைவுக்குக் கொண்டுபோவதை முஸ்லிம்களும் ஏற்கவில்லை. சில நாட்களுக்குள் அடக்கங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் தொடங்கின.

ஊர் என்று எதுவும் இல்லாத கச்சதீவைப் பற்றி இந்தியாவிலும் இலங்கையிலும் பேசாத அரசியல்வாதி இல்லை. குடிகள் உள்ள இரணைதீவுக்கு அந்தக் கவனம் கிடைத்ததில்லை. திரும்பியவர்களில் பலருக்கு இன்று குடித்தனமும் இரணையாகிவிட்டது: தொழிலுக்குத் தீவில் ஒரு வாடி, பிள்ளைகளின் படிப்புக்கு இரணைமாதாநகரில் ஒரு வீடு.