பாதாம் டார்ட்: தலபுராணமும் கல்வெட்டும்

வரலாறு என்றாலே ராஜா, போர், பட்டாபிஷேகம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அடுப்படிக்கும் வரலாறு உண்டு என்று எனக்குத் தெரிந்தது ஒரு கோடை விடுமுறையில்தான். திருப்பனந்தாளில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பிரஷர் குக்கரின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது!

விஷயம் இதுதான். இங்கிலாந்தின் பாரம்பரியப் பண்டம் என்று சொல்லப்படும் பேக்வெல் டார்ட், அதாவது பாதாம் டார்ட், வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்பட்டேன். செய்முறையில் 100 கிராம் பாதாம் பொடி என்று இருந்தது. எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரு கைப்பிடி பாதாம். பாதாம் விற்கிற விலையில் மறுபடி காசு கேட்க வாய் வரவில்லை. மீதிக்கு முந்திரிப் பருப்பைப் போட்டுக் கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்த அப்பாயி கேட்டார்: "ஏம்பா, பாதாம் பலகாரம்னு சொல்லிட்டு முந்திரியைப் போடுறியே, அப்புறம் அது எப்படி அசலாவும்?"

நியாயமான கேள்வி. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

டார்ட் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மைதா மாவில் வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, தட்டையான கிண்ணம் போல ஓர் ஓடு செய்ய வேண்டும். அதன் அடியில் பழ ஜாம் தடவ வேண்டும். அதன் மேல் பாதாம் பொடி, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கையும் கலந்த விழுதை ஊற்றி, மேலே சீவிய பாதாமைத் தூவி வேகவைக்க வேண்டும். இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியில் உள்ள பேக்வெல் என்ற சிற்றூரின் பெயர்தான் இதற்கு. அந்த ஊரிலேயே இதற்கு மூத்த உருப்படி ஒன்று உண்டு. அதன் பெயர் பேக்வெல் புட்டிங். டார்ட் என்ற பெயர் பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

ஒரு தலபுராணம்

எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. தாடகை என்ற பெண் சுவாமிக்கு மாலை சாத்தப் போகும்போது ஆடை நெகிழ்ந்ததாம். இரு முழங்கைகளாலும் ஆடையை இடுக்கிக்கொண்டு அவள் தவிக்க, அவளுக்காக லிங்கமே தலை சாய்ந்து கொடுத்ததாம். பிற்பாடு மன்னன் யானைகளைக் கட்டி இழுத்தும் நிமிராத லிங்கத்தைக் குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தினார் என்பார்கள்.

பேக்வெல் ஊருக்கும் இப்படி ஒரு தலபுராணம் இருக்கிறது. அந்த ஊர் விடுதியில் சமையல்காரப் பெண்ணிடம் விடுதி முதலாளியம்மா ஜாம் டார்ட் செய்யச் சொன்னாராம். முட்டையையும் பாதாமையும் மாவோடு சேர்த்துப் பிசைய வேண்டியவர், சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஜாமின் மேல் ஊற்றிவிட்டாராம். வந்த விருந்தாளிகளோ அதைப் பிரமாதம் என்று பாராட்டினார்களாம். இது நடந்தது 1820 வாக்கில் என்று சிலர் சொல்கிறார்கள், 1860 வாக்கில் என்று சிலர் சொல்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று தெரியும். தலபுராணம் வேறு, கல்வெட்டு வேறு. கோயில் சுவரில் இருக்கும் சோழர் கல்வெட்டு அற்புதம் எதையும் சொல்லாது. விளக்குக்கு எவ்வளவு நெய், அமுதுக்கு எத்தனை நாழி அரிசி என்று அளவைத்தான் சொல்லும். ஆராய்ச்சியாளர்கள் நம்புவது அந்த அளவைத்தான். பண்டங்களுக்குக் கல்வெட்டு எது? பழைய சமையல் புத்தகங்கள்தான்.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

1845-இல் எலைசா ஆக்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி வெளியிட்ட சமையல் புத்தகத்தில் பேக்வெல் புட்டிங் இடம் பெற்றிருக்கிறது. டெர்பிஷயரில் மட்டுமல்ல, வடக்கு மாவட்டங்கள் பலவற்றிலும் விசேஷ நாட்களில் செய்யப்படும் பெயர்பெற்ற பண்டம் என்று அவர் குறிப்பிடுகிறார். அதாவது 1845-லேயே அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஆக, 1860-இல் தவறுதலாகப் பிறந்தது என்ற கதை அடிபட்டுப் போகிறது!

இதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது அவர் தரும் அளவு. பாத்திரத்தின் அடியில் ஓர் அங்குல கனத்துக்கு ஜாம், பத்து முட்டையின் மஞ்சள் கரு, அரை பவுண்டு சர்க்கரை, அரை பவுண்டு உருக்கிய வெண்ணெய். மாவு ஓடு கிடையாது. பாதாம் பருப்பும் கிடையாது! கசப்புப் பாதாம் வாசனை தரும் ராட்டாஃபியா என்ற திரவத்தை, அதுவும் வேறு ஏதாவது வாசனை இருந்தாலும் போதும் என்ற தாராளத்தோடு, கொஞ்சம் சேர்க்கச் சொல்கிறார்.

பதினாறு வருடம் கழித்து, 1861-இல் திருமதி பீட்டனின் புகழ்பெற்ற புத்தகம் வந்தது. அதில் மாவு ஓடு வந்துவிட்டது. பாதாமும் வந்துவிட்டது. எவ்வளவு தெரியுமா? ஐந்து முட்டைக்கு ஒரே ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம். என்னிடம் இருந்த கைப்பிடிக்குச் சரியாக வருகிறது! இன்று நாம் "அசல்" என்று நினைக்கும் 100 கிராம் பாதாம் விழுது பின்னால் வந்து சேர்ந்தது.

பாதாம் இங்கிலாந்தின் சொத்தா?

அதுவும் இல்லை. இங்கிலாந்தின் குளிரில் பாதாம் சரியாகக் காய்க்காது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். ஆனாலும் அவர்கள் பல நூற்றாண்டுகளாக அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். காரணம் சமயம். இடைக்காலத்தில் நோன்பு நாட்களில் பாலும் வெண்ணெயும் கூடாது என்பதால், வசதி உள்ளவர்கள் பாதாமை அரைத்துப் பால் எடுத்துச் சமைத்தார்கள். இன்றைக்கு உலகத்தில் விளையும் பாதாமில் பெரும்பகுதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விளைகிறது. நம் கடைகளுக்கு வருவதிலும் பெரும்பங்கு அதுதான்.

நமக்கும் பாதாம் விருந்தாளிதான். பெயரே பாரசீகத்திலிருந்து வந்தது. நாம் பள்ளிக்கூட மைதானத்தில் கல்லால் உடைத்துத் தின்ற நாட்டு வாதுமைக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

தஞ்சாவூரும் தூத்துக்குடியும்

ஆங்கிலேயர் சமையல் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் (1777-1832) சுவார்ட்ஸ் பாதிரியாரின் பராமரிப்பில் வளர்ந்து, ஆங்கிலம் கற்றவர். அவருடைய அரண்மனைச் சமையலைச் சொல்லும் "சரபேந்திர பாகசாஸ்திரம்" சரஸ்வதி மகால் சுவடிகளில் ஒன்று. அதில் நம் நாட்டுச் சமையலோடு ஆங்கிலேயர் முறைச் சமையலும் உண்டு.

ஆனால் அரண்மனையில் நுழைந்தது அரண்மனையோடு நின்றது. சாதாரண ஜனங்களிடம் வந்து சேர்ந்தது துறைமுகம் வழியாக. தூத்துக்குடியில் 1530-களில் போர்த்துக்கீசியர் காலூன்றினார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இவர்களில் யார் மக்ரூனைக் கொண்டு வந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இதுவும் தலபுராணம்தான். ஆனால் பொருளைப் பார்த்தால் பாதை தெரிகிறது. ஐரோப்பாவில் மக்ரூன் என்பது பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக் கரு. தூத்துக்குடியில் அது முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக் கரு. பாதாம் இருந்த இடத்தில் முந்திரி உட்கார்ந்து கொண்டது. வெள்ளைக் கருவை நுரை பொங்க அடித்து, முந்திரிப் பொடியைக் கலந்து, காகிதக் கூம்பில் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து எடுக்கிறார்கள். இலங்கையில் பறங்கியர் வீட்டு லவ் கேக்கிலும் ரவையோடு முந்திரிதான் சேர்கிறது.

அந்த முந்திரியும் நம்முடையது அல்ல என்பதுதான் வேடிக்கை. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. இன்று எங்கள் ஊரிலிருந்து அணைக்கரையில் கொள்ளிடம் தாண்டி ஜெயங்கொண்டம் பக்கம் போனால் செம்மண் காடு முழுக்க முந்திரி மரம்தான். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அக்கரை என்றால் முந்திரி என்றே ஆகிவிட்டது. வந்த விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்டான்!

குக்கரில் என்ன ஆனது?

எங்கள் வீட்டில் அடுப்படிக்குள் முட்டை நுழையாது. ஆகவே கொல்லையில் தனி அடுப்பு. குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, ரப்பரும் வெயிட்டும் இல்லாமல் மூடி, பத்து நிமிடம் சூடாக்கினேன். பருப்புகளை மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். தொடர்ந்து சுற்றினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். முந்திரியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்து கொண்டேன். மே மாத வெயிலில் வெண்ணெய் உருகி மாவு கையில் ஒட்டியது. பிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. சிறு தீயில் முக்கால் மணி நேரம். அடி கொஞ்சம் கருகியது. மேலே பொன்னிறம் வரவே இல்லை. ஆனால் ருசி, சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

அப்பாயி முட்டை போட்டதைத் தொட மாட்டார். வாசனை மட்டும் பார்த்தார். அவர் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. இந்த டார்ட்டுக்கு அசல் என்று ஒரு நாள் இருந்ததே இல்லை. 1845-இல் பாதாம் இல்லாமல் இருந்தது, 1861-இல் ஒரு கைப்பிடி சேர்ந்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. அந்தந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள். அக்கரை முந்திரியைப் போட்ட நானும் அதைத்தான் செய்தேன்.

இதையெல்லாம் அடுத்த விடுமுறையில் அப்பாயிடம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, அடுத்த தடவை முட்டை இல்லாம செஞ்சு கொண்டா, அப்பவும் அசலான்னு தின்னு பார்த்துச் சொல்றேன்" என்றார்.

முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.