நட்சத்திர மாலுமிகள்

அஸ்ட்ரோநாட் என்றால் என்ன அர்த்தம்? 'விண்வெளி வீரர்' என்று டக்கென்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் அந்த வார்த்தைக்குள் வீரர் யாரும் கிடையாது. கிரேக்க மொழியில் 'அஸ்ட்ரான்' என்றால் நட்சத்திரம். 'நாட்டிஸ்' என்றால் மாலுமி. ஆக, நட்சத்திர மாலுமி! (மாலுமி, மீகாமன் என்று நம்மிடமும் அழகான சொற்கள் உண்டு. நாம்தான் வீரரைப் பிடித்துக்கொண்டோம்.)

நாசா கண்டுபிடித்த சொல் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1880-லேயே பெர்சி கிரெக் என்ற ஆங்கிலேயர், தன் நாவலில் செவ்வாய்க்குப் போகும் கப்பலுக்கு 'அஸ்ட்ரோநாட்' என்று பெயர் வைத்துவிட்டார். ஆளுக்கு அல்ல, கப்பலுக்கு.

1958 டிசம்பரில், தங்கள் ஆட்களை எப்படி அழைப்பது என்று நாசாவில் யோசித்தார்கள். துணைத் தலைவர் ஹியூ டிரைடன் சொன்ன பெயர் என்ன தெரியுமா? காஸ்மோநாட்! 'நாம் நட்சத்திரத்துக்கா போகிறோம்? பிரபஞ்சத்துக்குள்தானே!' என்பது அவர் கட்சி. நியாயம்தான். எடுபடவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அஸ்ட்ரோநாட்தான் பிடித்திருந்தது.

அந்தக் காஸ்மோநாட்டுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

ஆரி ஸ்டெர்ன்ஃபெல்ட், போலந்தில் பிறந்த யூதர். விண்பயணக் கணக்குகளை பிரெஞ்சில் எழுதி, 1934-ல் பாரிஸில் பரிசு வாங்கினார். மறுவருடமே, இனி சோவியத்தான் நம் ஊர் என்று மனைவியோடு மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, ராக்கெட் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1937-ல் அவருடைய புத்தகம் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. தலைப்பு, 'காஸ்மோநாட்டிக்ஸ் அறிமுகம்'. ரஷ்யர்கள் அதுவரை 'நட்சத்திரப் பயணம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதென்ன புது வார்த்தை என்று முகம் சுளித்தார்கள்.

முகச்சுளிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அது ஸ்டாலினின் களையெடுப்புக் காலம். அதே வருடம் ஸ்டெர்ன்ஃபெல்டின் வேலை பறிபோனது. புத்தகத்தை மொழிபெயர்த்தவர், அதே ஆய்வுக்கூடத்தின் துணைத் தலைவர் லாங்கேமாக். நவம்பரில் அவரைக் கைது செய்தார்கள். 1938 ஜனவரியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

ஸ்டெர்ன்ஃபெல்ட் எப்படியோ தப்பினார். வேறு ஆய்வுக்கூடம் எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி அறிவியல் எழுதிப் பிழைத்தார்.

1961 ஏப்ரல் 12. யூரி ககாரின் 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றி வந்தார். மறுநாள் உலகப் பத்திரிகைகள் முழுக்கக் காஸ்மோநாட், காஸ்மோநாட். ஸ்டெர்ன்ஃபெல்டுக்கு அப்போது 55 வயது. அப்போதும் வீட்டில்தான் இருந்தார்.