பெரியபட்டினத்தின் மூன்று பெயர்கள்: இராமநாதபுரக் கரையில் ஆசியவியல் ஆய்வு வளர்ந்த வழி

மன்னார் வளைகுடாக் கரையில், திருப்புல்லாணிக்குக் கிழக்கே உள்ளது பெரியபட்டினம். 13, 14ஆம் நூற்றாண்டுகளின் ஆசியக் கடல் வணிகத்தை எழுதுபவர்கள் இன்று இந்த ஊரைத் தவிர்ப்பதில்லை. இதை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா (1933–2015). திருப்புல்லாணிக் கல்வெட்டு கூறும் பவித்திரமாணிக்கப்பட்டினம், 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா கூறும் ஃபத்தன், சீனப் பயணி வாங் தயுவான் கூறும் தா பாதான் ஆகிய மூன்றும் பெரியபட்டினத்தையே குறிக்கின்றன என்பது அவர் வழியாக நிலைபெற்ற கருத்து. 1980களில் தொடங்கிய அந்த ஆய்வின் முடிவுகள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்த சீனப் பீங்கான் சில்லுகள் பற்றி 2004இல் அவர் பதிப்பித்த தொகுப்பில் விரிவாக உள்ளன. அத்தொகுப்புக்குப் பின் இக்கருத்து பெரும்பாலும் ஐயமின்றி எடுத்தாளப்படுகிறது.

இந்த மூன்றையும் ஒரே உறுதியுடன் ஏற்க முடியாது என்பதே என் வாதம். ஃபத்தன் பெரும்பாலும் பெரியபட்டினமே. பவித்திரமாணிக்கப்பட்டினம் பெரியபட்டினமாக இருக்கக்கூடும். ஆனால் அதற்கான சான்று நாம் நினைப்பதைவிட மெலிந்தது. தா பாதானைப் பொறுத்தவரை கராஷிமாவின் வாதம் அவருடைய இன்னொரு முடிவோடு மோதுகிறது.

கராஷிமாவுக்கு முன்னிருந்த நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1886இல் ஜேம்ஸ் பர்கெஸ், நடேச சாஸ்திரி இருவரும் வெளியிட்ட தமிழ், சமஸ்கிருதக் கல்வெட்டுத் தொகுதியில் இராமநாதபுரம் அரசர்களான சேதுபதிகளின் சாசனங்களும் இடம்பெற்றன. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். இராமநாதபுரம் சமஸ்தானத்தோடு தொடர்புடைய ரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் அதன் 'செந்தமிழ்' இதழில் இலக்கியத்தையும் சாசனங்களையும் சேர்த்துப் படித்துக் காட்டினர். இதற்கு முன்பே ஹென்றி யூல் அரபு, பாரசீக, ஐரோப்பியப் பயணக் குறிப்புகளையும், பின்னர் ராக்ஹில் சீனக் குறிப்புகளையும் வெளியிட்டனர். இவர்களில் ஒரு தரப்பினரின் கையில் கல்வெட்டு இருந்தது, கடல் இல்லை. மறு தரப்பினரின் கையில் கடல் இருந்தது, ஊர் இல்லை. ஃபத்தனைக் காவிரிப்பூம்பட்டினம் என்றும் நாகப்பட்டினம் என்றும் தேவிபட்டினம் என்றும் பலவாறு அடையாளம் கண்டது இந்தப் பிரிவின் விளைவே.

இவ்விரண்டையும் ஒரே களத்தில் இணைத்ததே கராஷிமாவின் பெரும் பணி. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, உதகமண்டலத்துக் கல்வெட்டு அலுவலகத்தில் படிகளைப் படித்துத் தமிழ்ச் சாசனங்களுக்குள் வந்தவர் அவர். எ. சுப்பராயலுவுடனும் தோரு மத்சுயியுடனும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளின் பெயர்ச்சொல் அடைவை 1978இல் வெளியிட்டார். பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டு, தொல்லியல் அறிஞர்களும் ஜப்பானியப் பீங்கான் அறிஞர்களும் ஒன்றாகப் பெரியபட்டினத்து மணலில் இறங்கினார்கள். லுங்சுவான் சூளைகளின் பச்சை மெருகு கொண்ட செலடன் சில்லுகளும் வேறு சீனச் சூளைகளின் சில்லுகளும் அங்கே கிடைத்தன. இவை 13, 14ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. பெயர்களை அந்தச் சில்லுகளோடு சேர்த்துக் கட்டிய விதத்தையே மறுக்கிறேன்.

முதலில் கல்வெட்டு. திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் சாசனம் அது. பவித்திரமாணிக்கப்பட்டினத்தின் கீழ்பால் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளி என்ற பள்ளிவாசலுக்கு அரசன் அளித்த கொடையை அது பதிவு செய்கிறது. பள்ளிவாசலுக்கு அளித்த கொடை வைணவக் கோயிற்சுவரில் பொறிக்கப்பட்டிருப்பதைச் சமய நல்லிணக்கத்துக்கான அழகிய சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது தவறில்லை. ஆனால் வரலாற்றாய்வாளர் அத்துடன் நின்றுவிடக் கூடாது. அரசாணையைப் பொறிக்கும் இடம் வட்டாரத்தின் ஆவணக் களமாகவும் இருந்தது. நிலமும் வரியும் மாறும்போது சபையும் ஊராரும் பிற்காலத்தில் சென்று பார்க்கக்கூடிய இடத்தில்தான் ஆணையை வெட்டுவார்கள். ஆகவே அந்தப் பட்டினம் திருப்புல்லாணிக்கு அருகே இருந்தது என்று கொள்ளலாம்.

ஆனால் அருகில் இருந்தது பெரியபட்டினம் மட்டுமா? தென்மேற்கே கீழக்கரையும் ஏறத்தாழ அதே தொலைவில் இருக்கிறது. அதுவும் தொன்மையான முஸ்லிம் வணிக ஊர், பழைய பள்ளிவாசல் உள்ள ஊர். கீழக்கரையை விலக்கும் குறிப்பு எதுவும் இக்கொடையில் இல்லை. முடிவைப் பெரியபட்டினத்தின் பக்கம் சாய்ப்பவை சில்லுகளே. சில்லுகளைக் கொண்டு பெயரை நிறுவிவிட்டு, பிறகு அந்தப் பெயருடைய கல்வெட்டைக் காட்டி ஊரின் காலத்தையும் பெருமையையும் நிறுவினால் வாதம் தன்னையே சுற்றிவரும். கராஷிமா இதில் எச்சரிக்கையாகவே இருந்தார். அவரை மேற்கோள் காட்டி எழுதப்படும் கட்டுரைகளுக்குத்தான் இந்த ஆபத்து.

பவித்திரமாணிக்கம் என்பதையும் ஓர் ஊருக்கே உரிய பெயராகக் கொள்ள முடியாது. திருவாரூருக்கு அருகே இன்றும் பவித்திரமாணிக்கம் என்ற ஊர் இருக்கிறது. அரசர்களின் விருதுப்பெயர்கள் பிரமதேயங்களுக்கும் பட்டினங்களுக்கும் சூட்டப்பட்டன, ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கும் சென்றன. ஆட்சி மாறும்போது இப்பெயர்கள் மறைந்து, மக்கள் வழங்கிய பெயர் நிலைக்கும். நாகப்பட்டினம் சோழகுலவல்லிப்பட்டினம் என அழைக்கப்பட்டதை அறிவோம். மக்கள் நாவில் நின்றது நாகப்பட்டினமே.

இக்கல்வெட்டில் உரிய கவனம் பெறாத குறிப்பு ஒன்று உண்டு. அது 'கீழ்பால்' என்பது. இந்தப் பகுதியில் கரை ஏறத்தாழ மேற்கு கிழக்காக நீள்கிறது, கடல் தெற்கே இருக்கிறது. எனவே கீழ்பால் என்பது கடற்புறத்தைக் குறிக்காது. பள்ளி துறையின் விளிம்பில் இல்லை. குடியிருப்பின் கிழக்குப் பக்கத்தில், அதற்கெனத் தனிப் பகுதியில் இருந்தது. சோனகர் எனப்பட்ட முஸ்லிம்கள் துறைமுகத்தில் தங்கிச் செல்லும் வணிகர்கள் மட்டுமல்ல, ஊரில் வேரூன்றியவர்கள் என்பதை இது உணர்த்துகிறது. அவர்களின் தலைவர் சாமந்தர் என்ற தகுதியுடன் பாண்டிய அரசமைப்புக்குள் இருந்தார். பெரியபட்டினத்திலும் கீழக்கரையிலும் பழங்குடியிருப்பின் பரப்பை அளந்து, கிழக்குப் புறத்தில் இடைக்காலப் பள்ளிவாசலின் அடித்தளமோ பழைய அடக்கத்தலமோ இருக்கிறதா எனத் தேட வேண்டும். இரண்டு ஊர்களுக்கு இடையே தீர்ப்பளிக்கும் ஆற்றல் அந்த ஒரு திசைச் சொல்லுக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொடையின் ஆண்டைக் குறிப்பது வேறு சிக்கல். பிற்காலப் பாண்டியரில் ஒரே பெயரில் பலர், அவர்களில் சிலர் ஒரே காலத்தில் ஆண்டவர்கள். 13ஆம் நூற்றாண்டு என்ற வரையறையோடு நிற்பதே நேர்மை.

அடுத்தது தா பாதான். வாங் தயுவான் 1349ஐ ஒட்டி வெளிவந்த தன் நூலில் இப்பெயரைக் குறிக்கிறார். சீன மொழியில் 'தா' என்றால் பெரிய. 'பாதான்' என்பது பட்டினம். இரண்டும் சேர்ந்தால் பெரியபட்டினம். இந்தச் சமன்பாடு கண்ணைக் கவர்கிறது. அதனாலேயே இதை மெதுவாகச் சோதிக்க வேண்டும். வாங் 'பட்டினம்' என்பதை மொழிபெயர்க்கவில்லை, ஒலியை எழுதினார். அதே பெயரில் 'பெரிய' என்பதை மட்டும் ஒலிக்காமல் மொழிபெயர்த்தார் என்று நாம் நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் சீனக் கடல்நூல்களில் ஒத்த பெயருள்ள ஊர்களைப் பிரித்துக்காட்டப் பெரிய, சிறிய என்ற அடைகளைச் சேர்ப்பது வழக்கம். கொல்லம் தொடர்பான பெயர்களிலேயே இது உண்டு. அப்படியானால் 'தா' என்பது தமிழ்ப் பெயரின் பகுதியாக இருக்க வேண்டியதில்லை. பல பட்டினங்களுள் பெரியதைச் சுட்டச் சீனர் தாமே சேர்த்த அடையாகவும் இருக்கலாம்.

பல பட்டினங்கள் இருந்தன என்பதற்கு வலுவான சான்றும் இருக்கிறது. பாண்டிய நாட்டுக் குதிரை வணிகத்தை 1300ஐ ஒட்டி விவரிக்கும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டியரின் அதிகாரி தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் இருந்த துறைமுகங்களாக ஃபத்தன், மலி ஃபத்தன், காபில் ஆகிய மூன்றைக் குறிக்கிறார். காபில் என்பது காயல். மற்ற இரண்டும் பட்டினங்கள். ஒரே அதிகாரியின் கீழ் இரண்டு பட்டினங்கள் இயங்கிய கரையில், சீனர் ஒன்றைப் பெரிய பட்டினம் என்று அழைத்தால் அதில் வியப்பில்லை. அது பெரியபட்டினமாகவும் இருக்கலாம், மற்றொன்றாகவும் இருக்கலாம்.

கராஷிமாவின் இரு முடிவுகளும் மோதுவது இங்கேதான். பாண்டியர் ஆவணத்தில் ஊரின் பெயர் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்றால், சீனர் கேட்டது பெரியபட்டினம் என்பதற்கு அந்த மக்கள் வழக்குப் பெயர் 14ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது எனக் காட்ட வேண்டும். அரசுப் பெயரும் மக்கள் பெயரும் ஒருங்கே வழங்கியிருக்கலாம்; நாகப்பட்டினம் அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் இருக்கலாம் என்பதை இருந்தது என்று எழுத முடியாது. இன்றைய ஊர்ப்பெயரை 600 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிக் கொண்டுசென்று சீன எழுத்தோடு பொருத்துவது, எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், சான்றாகாது. காலத்திலும் தெளிவு தேவை. வாங்கின் நூல் 1349க்குரியது, அவருடைய பயணங்களோ 1330களுக்குரியவை. இடைப்பட்ட ஆண்டுகளில்தான் மதுரை டில்லியிலிருந்து பிரிந்து தனி சுல்தானகம் ஆயிற்று. அவர் விவரித்தது எந்த ஆட்சியின் துறைமுகத்தை என்பதே தீராத கேள்வி.

இப்னு பதூதாவிடம் வரும்போது கராஷிமாவோடு நான் உடன்படுகிறேன். இலங்கையிலிருந்து 1344இல் அரபு நூல்கள் மாபார் என்று அழைக்கும் இந்தக் கரைக்கு வந்த அவர், மதுரை சுல்தான் கியாத்துத்தீன் தாமகானியின் முகாமுக்குச் சென்றார். பின்னர் ஃபத்தனில் தங்கி, அங்கிருந்து மதுரைக்குப் போய், மீண்டும் ஃபத்தனுக்கே வந்து கொல்லத்துக்குக் கப்பலேறினார். மாலத்தீவுகளுக்கு அனுப்பப்படவிருந்த கப்பல்களுக்காக அவர் காத்திருந்த இடமும் அதுவே. அழகிய கற்பள்ளிவாசல் ஒன்றையும், கடலுக்குள் பெருமரங்கள் நட்டு எழுப்பிய மண்டபத்தையும், அதற்குச் செல்லும் கூரையிட்ட மரப்பாதையையும் அவர் நினைவுகூர்கிறார். பகைவர் வந்தால் மரக்கலங்களை அதனோடு பிணைத்துக்கொள்வார்களாம். மதுரையின் கடற்படைத் துறையாக நாகப்பட்டினத்தையோ காவிரிப்பூம்பட்டினத்தையோ கொள்வது இப்பயணத்தின் போக்குக்கு ஒவ்வாது. முல்லித் தீவு, வாலைத் தீவு, அப்பா தீவு போன்ற தீவுகளும் பவளப்பாறைகளும் அலையைத் தணிக்கும் இந்தக் கரையில், ஆழமில்லாத நீரில் மரத்தூண்களின் மேல் மண்டபம் எழுப்புவது பொருத்தமான வேலை. செலடன் சில்லுகள் பரந்து கிடக்கும் இடமும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஃபத்தன் பெரியபட்டினம் என்பதே மற்ற எதையும்விட ஏற்கத்தக்கது. ஆனால் அவர் கண்ட கற்பள்ளிவாசலைச் சோனகச் சாமந்தப் பள்ளியோடு ஒன்றாக்க நான் துணியமாட்டேன். இரண்டுக்கும் இடையே பல பத்தாண்டுகளும், 1311இன் மாலிக் காபூர் படையெடுப்பும், ஓர் ஆட்சி மாற்றமும் உள்ளன. இப்னு பதூதாவின் நூலும் அவர் இக்கரைக்கு வந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் சொல்லி எழுதப்பட்டது.

இந்தச் சிக்கலை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஊர்ப்பெயர் மட்டும் காரணமல்ல. ஆசிய நாடுகளின் பண்பாட்டையும் சமூகத்தையும் பல துறைகளை இணைத்துக் கற்பிக்கும் பட்டப்படிப்புகள் உலகெங்கும் பெருகிவருகின்றன. தமிழுக்கு இது புதிய வழியல்ல. தனிநாயகம் அடிகள் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தியபோது தமிழை ஆசியாவின் நடுவே வைத்தே காட்டினார். சீனத்தின் சுவான்சௌ நகரில் 1956இல் கண்டெடுக்கப்பட்ட, சக ஆண்டு 1203ஐக் கொண்ட தமிழ்க் கல்வெட்டைத் தி.நா. சுப்பிரமணியன் ஆராய்ந்தார். குப்லாய் கானின் நலனுக்காக அங்கே சிவன் கோயில் எழுந்ததை அது காட்டியது. பாண்டிய நாட்டிலிருந்து சுவான்சௌ வரையிலான இந்தத் தொடரில் இராமநாதபுரக் கரைக்கும் இடம் உண்டு.

ஆனால் பாடத்திட்டங்களில் சீன மொழி ஒரு தாள், தொல்லியல் ஒரு தாள், இந்திய வரலாறு ஒரு தாள் எனத் தனித்தனியே நிற்பதைப் பார்க்கிறேன். பெரியபட்டினத்தில் பிழை நேர்ந்தது அறியாமையால் அல்ல. ஒவ்வொரு சான்றையும் அந்தந்தத் துறை அறிஞர் சரியாகவே படித்தார். ஒரு துறையின் முடிவை இன்னொரு துறை சோதிக்காமல் ஏற்றுக்கொண்ட இடத்தில்தான் பிழை புகுந்தது. தமிழ்க் கல்வெட்டறிஞர் சீன அடைமொழி வழக்கைக் கேட்டிருக்க வேண்டும். சீனநூல் அறிஞர் பாண்டியர் காலத்து இருபெயர் வழக்கைக் கேட்டிருக்க வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களுக்குரிய அழகப்பா பல்கலைக்கழகத்திலோ, கடல்சார் வரலாற்றுக்கெனத் துறை வைத்திருக்கும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ ஆசியவியல் பாடம் ஒன்று அமையுமானால், அதன் முதல் பருவத்தை இந்தக் கரையின் ஒரே சிக்கலுக்கு ஒதுக்கலாம். மாணவர் திருப்புல்லாணிக் கல்வெட்டின் படியை எடுத்துப் படிக்கட்டும். வஸ்ஸாஃபின் பட்டியலையும் வாங்கின் குறிப்பையும் அந்தந்த மொழி அறிந்தவரோடு அமர்ந்து பார்க்கட்டும். சில்லுகளைக் கையில் எடுத்துச் சூளைகளைப் பிரிக்கட்டும்.

எஞ்சியிருக்கும் வேலை தெளிவானது. பெரியபட்டினம் என்ற பெயர் முதன்முதலில் எந்த ஆவணத்தில் வருகிறது என்பதைச் சேதுபதி செப்பேடுகளிலும் போர்த்துகீசிய, டச்சு ஆவணங்களிலும் ஆண்டு வரிசையில் தேட வேண்டும். எஸ்.எம். கமால் தொகுத்த சேதுபதி செப்பேடுகள் அதற்கு நல்ல தொடக்கம். கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் பெரியபட்டினத்தில் செய்ததைப் போன்ற சில்லு ஆய்வு நடக்க வேண்டும். 1349க்கு முந்திய ஆவணத்தில் அந்தப் பெயர் கிடைத்தால் கராஷிமாவின் தா பாதான் வாதம் நிலைபெறும். அதுவரை வாங் தயுவானின் பட்டினத்துக்குப் பாண்டிய நாட்டுக் கரை என்ற அளவிலேயே இடம் குறிக்க முடியும்.